ஸ்டிக்கர் பிய்த்த பரங்கிக்காய்

1

பரங்கிக்காயின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்ப்பது சுலபமில்லை. இந்த ஊர்க் கடைக்காரர்கள் எதை ஒட்டினாலும் ஜென்மத்துக்கும் வராதபடி ஒட்டுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் காகிதம் மட்டும் வரும், பசை தோலிலேயே நிற்கும். அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். பிறகு பால்கனித் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அடிப்பக்கம் லேசாகப் பூச வேண்டும். அதிகம் பூசினால் வேஷம் போட்டது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அனுபவத்தில் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை, ஞாயிற்றுக்கிழமை ஆனால், ஜெர்மனியின் தெற்கே ஒரு நடுத்தர நகரத்தில், நாற்பது வயதைத் தாண்டிய நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைத்தான் செய்தேன். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் சோதிப்பது என் உத்தியோகம். அடுத்தவர் வேலையில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

ஸ்டிக்கர் போன காயைச் சமையலறை மேடையில் வைத்து, போனை எதிரே சாய்த்து நிறுத்தி, காஞ்சிபுரத்தில் இருக்கும் என் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவேன். "நம்ம கொடியில காய்ச்சதும்மா" என்பேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அறுப்பேன். அறுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தவனைப் போல் கையைத் துடைத்துக்கொள்வேன்.

2

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கூடத்தில் தறி, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் துவைக்கிற கல்லும் நாலடி அகல மண்ணும். குளிக்கிற தண்ணீர் போய் விழும் அந்த நாலடியில் அம்மா எப்போதும் ஒரு பரங்கிக்கொடி வைத்திருப்பாள். கீழே படர இடம் கிடையாது என்பதால் கொடி சுவரேறிப் போய்த் தகரக் கூரைமேல் படுத்துக்கொள்ளும். காய் பெருத்தால் கூரை தாங்குமா என்று அப்பா கவலைப்படுவார். பெருக்கவில்லை என்றால் அதற்கும் கவலைப்படுவார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முழுப் பரங்கிக்காயில் பெண்கள் முதல் கத்தி வைக்கக் கூடாது. வீட்டு ஆண்பிள்ளை ஒரு கீறு போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள், அதற்கு மேல் விளக்கம் வராது. பக்கத்து வீட்டிலேயே இந்த வழக்கம் இல்லை. ஆனால் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதை மீறியதில்லை.

அப்பா பெயர் ஏகாம்பரம். அவர் தறியில் உட்கார்ந்திருக்கும்போது சமையல்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "இன்னாங்க, காய் ஒண்ணு இருக்குது. கீறிக் குடுத்துட்டுப் போங்க." அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, கொடுவாக் கத்தியால் காம்புக்குப் பக்கத்தில் ஆரம்பித்து ஒரே ஒரு கீறு போடுவார். இரண்டாவது கீறு கிடையாது. பரங்கிக்காயின் பால் விரலில் பட்டால் காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். அந்தக் கையோடு பட்டு இழையைத் தொட்டால் இழை ஒட்டிக்கொள்ளும். அதனால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சீயக்காய் போட்டுக் கழுவி, கையை நன்றாக உலர்த்திக்கொண்டுதான் தறிக்குத் திரும்புவார். ஒரு கீறலுக்காக அரைமணி நேர நெசவு போகும். அவர் முகம் சுளித்ததே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நன்றாகவே முணுமுணுப்பார்.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. நான் ஒரே பிள்ளை. தறியில் இப்போது முருகேசன் அண்ணன் கூலிக்கு நெய்கிறார், காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவார். அவரையே ஒரு கீறு போடச் சொல்லலாமே என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன்.

"அவன் தங்கமான புள்ளதான்பா. ஆனா அவன் ஊட்டுக் காய அவன் அறுக்கட்டும். நம்ம ஊட்டுக்கு நீதானே?" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

3

ஆடியில் அப்பா திதி வந்தது. முதல் வருஷம் போயிருந்தேன். இந்த வருஷம் போகவில்லை. குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், எந்த நேரமும் கூப்பிடுவார்கள், ஊரைவிட்டு நகரக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். குடியுரிமை அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அங்கே இருக்கிற அம்மையாரிடம் நாங்கள் கேட்டபோது, "ஒரு வருஷத்துக்கு எங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்றுதான் சொன்னார். உண்மை என்னவென்றால், கிடைத்த விடுமுறையை இத்தாலியக் கடற்கரைக்கு ஒதுக்கிவிட்டோம். மகள் இனியா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோடையும் காஞ்சிபுரம்தானா, அங்கே நான் யாரோடு விளையாடுவது என்பது அந்தப் பதினோரு வயதுப் பெண்ணின் கேள்வி.

ஆக, அப்பா திதியை அரைக்கால் சட்டையும் அதன் மேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, கடல் தெரியாத சுவர்ப்பக்கம் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்திருந்தாள். வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த வெல்லம் போட்டு வதக்கிய பரங்கிக்காய்.

"நம்ம கொடியில காய்ச்சதாம்மா?" என்றேன்.

"இல்லபா. மார்க்கெட்டுல அறுத்த பத்தை வாங்கியாந்தேன்."

போனை எடுத்துக்கொண்டுபோய்க் கூரையைக் காட்டினாள். இலைகளுக்கு நடுவே ஏழெட்டுக் காய் படுத்திருந்தது. "கூரமேல இத்தினிய வச்சுக்கினு இங்க வந்து பத்தை வாங்கறியேன்னு காய்க்காரி சிரிக்கிறா. அறுத்து விக்கிறதுன்னா ஆரோ ஒரு ஆம்பள கை பட்டுதானே வருது? அதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் நான் போயிருந்தபோது கொடியில் பூ மட்டும்தான். இரண்டு வருஷமாக வீட்டுக் காயை அவள் முழுசாகவே ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் கையால் தண்ணீர் விட்டு வளர்த்ததில் ஒரு துண்டுகூட அவள் வாயில் பட்டதில்லை. அவள் குறையாகச் சொல்லவில்லை, தமாஷாகத்தான் சொன்னாள்.

"போன தபா விதை குடுத்தனுப்பினேனே, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"சூப்பரா வந்திருக்குமா. தோட்டம் முழுக்கப் படர்ந்திருக்கு." இது உண்மை.

"காய் வச்சுதா?"

"வச்சிருக்கு." இது பொய். ஏன் சொன்னேன்? அந்த நேரத்தில் அவளுக்கு ஏதாவது ஒரு நல்ல செய்தி கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

அம்மா முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சட்டத்தைத் திருத்தினாள். "அப்ப ஒண்ணு செய்யலாம்பா. ஒரே காயோட விதைதானே, அங்க இருக்கிறதும் நம்ம ஊட்டுக் கொடிதான். நீ அங்க ஒண்ண அறு. நான் பாத்துக்கினு இருக்கேன். வீட்டு ஆம்பள அறுத்தாச்சுன்னு நான் இங்க ஒண்ண அறுத்துக்கறேன். இன்னா சொல்ற?"

என்ன சொல்வேன்? சரி என்றேன்.

4

தோட்டம் என்று நான் சொல்வது வீட்டை ஒட்டிய தோட்டமல்ல. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடியில். இந்த ஊரில் ரயில் பாதையை ஒட்டி நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ள ஒரு சங்கம் வாடகைக்குக் கொடுக்கிறது. நாலு வருஷம் காத்திருந்து எங்களுக்கு ஒரு துண்டு கிடைத்தது. வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், மத்தியானம் எவ்வளவு நேரம் சத்தம் போடக் கூடாது, எவ்வளவு இடத்தில் கட்டாயம் காய்கறி இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கொடி எல்லை தாண்டக் கூடாது என்பதற்கும் உண்டு.

அம்மா கொடுத்த விதை மஞ்சள்தூள் டப்பாவுக்குள் ஒளிந்து வந்தது. அது எந்தெந்த விதிக்கு விரோதம் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. மே மாதம் ஊன்றினேன். ஜூலையில் எங்கள் துண்டு முழுக்க இலை. காலையில் போனால் மஞ்சள் பூ கொள்ளை கொள்ளையாகப் பூத்திருக்கும். பிள்ளையார்பாளையத்து மார்கழிக் கோலங்களுக்கெல்லாம் கொடுத்தாலும் மிஞ்சும். அத்தனையும் ஆண் பூ. அடியில் குட்டிக் காயோடு வரும் பெண் பூ ஒன்றுகூட இல்லை.

சங்கத் தலைவர் க்ளாஸ் வந்து நின்றார். "திரு. ஏகாம்பரம், உங்கள் செடி பாதைக்கு வந்துவிட்டது."

இங்கே என்னைக் குமார் என்று யாரும் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் நான் ஏகாம்பரம், பள்ளிக்கூடத்தில் மகள் இனியா ஏகாம்பரம். மனைவி ரேவதி அவள் அப்பா பெயரில் திருமதி சண்முகம். எங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இரண்டு சம்பந்திகளின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கிறது. தபால்காரர் அங்கே இரண்டு வயதான ஆண்கள் குடியிருப்பதாக நினைத்தாலும் ஆச்சரியமில்லை. மற்ற நேரத்தில் இதைச் சொல்லிச் சிரிப்போம். பரங்கிக்கொடிக்காக அப்பா பெயர் சொல்லி ஒருவர் கண்டித்தபோது சிரிப்பு வரவில்லை.

கூடிய சீக்கிரம் காய் பிடித்துவிடும், வெட்டச் சொல்லாதீர்கள் என்று க்ளாஸிடம் சொல்ல முயன்றேன். ஜெர்மன் மொழியில் என் செடி இன்னும் கர்ப்பம் தரிக்கவில்லை என்று வந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். கொடி தப்பியது.

காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். நம் ஊர்ப் பரங்கி ரகம் இரவு நீண்டால்தான் பெண் பூ விடுமாம். இங்கே கோடையில் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் வெளிச்சம் இருக்கிறது. பாவம், அந்தக் கொடி சரியாக இருட்டட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அம்மாவிடம் காய் வந்துவிட்டது என்று சொன்ன அன்றும் அது காத்துக்கொண்டுதான் இருந்தது.

5

முதல் ஞாயிறு. கடைக்காயின் நிறம் செக்கச்செவேல், உருண்டை, நம் காயைப் போல் வரிவரியாகப் பள்ளம் கிடையாது. அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாபா இது, குங்குமத்துல முக்கி எடுத்தா மாதிரி?"

"குளிருக்கு இப்படி ஆயிடுதும்மா. மண்ணு வேற."

"அப்படியா?" என்றாள். போனை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பார்த்துவிட்டு, "அங்க போனா ஆளே மாறிப் போறாங்க. காய் மாறாதா? சரி, அறு" என்றாள்.

அறுத்தேன். "ஆச்சாபா?" என்றாள். "ஆச்சும்மா." அவள் போனைத் தரையில் வைத்துவிட்டுத் தன் காயை எடுக்கப் போனாள். எனக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி மட்டும் தெரிந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே கத்தி டக்கென்று விழும் சத்தம் கேட்டது. "ஆச்சு" என்று அவள் குரல். மறுநாள் ஒரு கிண்ணம் பரங்கிக்காய்க் கூட்டு படமாக வந்தது. நான் அலுவலகக் கழிப்பறையில் நின்றுகொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தன் கொடியில் காய்த்ததைச் சாப்பிட்டிருக்கிறாள். பொய்யானால் என்ன, பலன் கண்ணெதிரே இருக்கிறதே என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பிறகு அது ஞாயிற்றுக்கிழமைச் சடங்காகிவிட்டது. நான் அறுப்பேன், விசிறி சுற்றும், டக் என்று சத்தம், ஆச்சு. நடுவில் பத்து இருபது நிமிஷம் பேச்சு. முன்பெல்லாம் நான் மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டால் பெரிது.

செப்டம்பரில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியது. படியேற முடியவில்லை என்றாள். டாக்டர் தேய்மானம் என்றாராம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண் கத்தி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவளுக்கு இருக்கிறது. வாழ்க்கை முழுக்க அவள் காப்பாற்றி வந்த ஒன்றை, அவளுக்கே தெரியாமல், கடைக்காய் ஒன்றைக் காட்டி நான் மீறவைத்திருக்கிறேன். நம்பாத நான் செய்த பித்தலாட்டம், நம்புகிற அவள் காலில் போய் விழுந்ததா? அறிவோடு யோசித்தால் அபத்தம். அந்த அபத்தத்தை நினைத்து நினைத்து அடுத்த ஞாயிறும் ஸ்டிக்கர் பிய்த்தேன்.

ரேவதி ஒரு நாள் குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டாள். "அத்தை கிட்ட உண்மையச் சொல்லிடுங்களேன். காய் வரலன்னா வரல. இதுல என்ன கௌரவம்?" என்றாள்.

கௌரவம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். பிறகு என்ன என்று கேட்டாள். நான் மண்ணைப் பூசினேன்.

6

இரவு நீண்டதும் கொடி வாக்கைக் காப்பாற்றியது. செப்டம்பர் முடிகிற சமயம் ஒரு காலை, இலைக்கடியில் பெண் பூ ஒன்று விரிந்திருந்தது. அடியில் கோலிக்குண்டு அளவு பச்சைக் காய். குளிரில் தேனீ எதையும் காணோம். ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் நானே தேய்த்தேன். என்னோடு வந்திருந்த இனியா சந்தோஷத்தில், "அப்பா, அதோ!" என்று ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

நான் பாய்ந்துபோய் அவள் விரலை மடக்கினேன். "விரல் நீட்டக் கூடாது! பிஞ்சு அழுகிப்போயிடும். மடக்கிக் காட்டு."

"ஏன் அழுகும்?"

"அப்படித்தான்."

"அதுக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முதல் கத்தி ஆண் வைக்க வேண்டும் என்பதை நம்பாமல் சிரிக்கிற நான், இந்த விரல் விஷயத்தில் மட்டும் எப்படி இத்தனை வேகமாகப் பாய்ந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் மடக்கிய விரலோடுதான் அடுத்த தடவை காட்டினாள்.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறு. நான் கடைக்காயை அறுத்து முடித்திருந்தேன். கத்தியைக் கழுவப் போன நேரத்தில் இனியா போனை எடுத்துக்கொண்டாள்.

"கண்ணு, கொடியில இன்னும் எத்தினி காய் இருக்குது?" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒண்ணுதான் ஆயா. குட்டியா, என் கை அளவுக்கு இருக்கு. இதெல்லாம் அப்பா கடையில வாங்கினது."

குழாயை மூடினேன். தறிச் சத்தம் மட்டும் வந்தது. "அப்படியா? சரிம்மா. கரண்டு போறாப்பல இருக்குது, அப்புறம் பேசறேன்" என்றாள் அம்மா. தொடர்பு அறுந்தது. அவள் தலைக்கு மேல் விசிறி அதுவரை நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் இனியாவைத் திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று எழுதக் கூசுகிறது. உனக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாதா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பாதி ஜெர்மனும் பாதி தமிழுமாக, "ஆயா கேட்டாங்க. நான் சொன்னேன். நீதான் பொய் சொன்ன. என்னை ஏன் திட்டற?" என்று அழுதாள். வீட்டில் தமிழ் பேச மாட்டேன் என்கிறாள், ஊர் ஞாபகமே இல்லை, கைவிட்டுப் போகிறாள் என்று நான் நண்பர்களிடம் புலம்பாத நாளில்லை. அன்றைக்கு அவள் பேசிய தமிழில் ஒரு தப்பும் இல்லை.

மன்னிப்புக் கேட்க அவள் அறைக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே கேட்டேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது. அம்மா சொன்ன அதே "சரி".

7

அந்த வாரம் இரண்டு முறை கூப்பிட்டேன். ஒரு முறை அம்மா எடுக்கவில்லை. இன்னொரு முறை எடுத்து, முழங்கால் தேவலாம், மழை பிடித்துக்கொண்டது, தறிக்குப் பாவு நூல் வராமல் முருகேசன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று என்னவெல்லாமோ சொன்னாள். காயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கேட்டேன்.

சனிக்கிழமை உறைபனி எச்சரிக்கை வந்தது. தோட்டத்துக்குப் போய் அந்த ஒற்றைக் காயைக் காம்போடு பறித்து வந்தேன். முற்றவில்லை. இனியாவின் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு, கரும்பச்சை, அதில் நம் ஊர்க் காயின் பள்ளம் வரிவரியாக விழத் தொடங்கியிருந்தது. மறுநாள் அதை மேடையில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். இனியாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, இத்தனை நாள் நான் காட்டினதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா" என்றாள்.

"இனியா சொன்னதால..."

"அவ சொல்லித்தான் தெரியணுமா? மொத நாளே தெரியும். நம்ம காய்க் காம்பு அஞ்சு பட்டையா, விரிஞ்சு, காயக் கவ்விக்கினு இருக்கும். நீ காட்டினது கட்டை விரலாட்டம் உருண்டையா நட்டுக்கினு இருந்துச்சு. ஸ்டிக்கரு மட்டும் எடுத்தாப் போதுமாபா?"

ஸ்டிக்கர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. நான் அதுவரை பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "தெரிஞ்சுமா நீ காய அறுத்த?"

"நான் எங்க அறுத்தேன்?"

போனைத் திருப்பினாள். தறிக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக, சணல் பைமேல் காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அறுத்ததாகச் சொன்னவை எல்லாம் முழுசாக இருந்தன.

"சத்தம் கேட்டுச்சேம்மா?"

"பலகை மேல கத்தியப் போட்டேன்."

"கூட்டு?"

"அது முருகேசன் பொண்டாட்டி ஆக்கினது. கிண்ணத்துல போட்டு எடுத்தாந்து குடுக்கும். அத்த படம் புடிச்சு அனுப்பினேன்."

"ஏம்மா?" என்றேன்.

"ஞாயித்துக்கெழமையானா மூஞ்சியக் காட்டற. பேசற. அத்த ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன். கொழந்த சொன்ன அன்னிக்குத்தான் சங்கடமாப் போச்சு. இனிமே இன்னா சொல்லிக் கூப்புடுவன்னு."

நான் அழுதேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "த, அழுவாத. அந்தக் காய இப்டி காட்டு" என்றாள். காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காம்பைத்தான் முதலில் பார்த்தாள். "ம். இது நம்மள்து. பிஞ்சுதான், பரவால்ல."

நான் கத்தியை எடுத்தேன்.

"நீ வச்சுடு" என்றாள் அம்மா. "கொழந்த கையில குடு. அவ கீறட்டும்."

"அவளா? பொம்பளைங்க மொதல் கத்தி வைக்கக் கூடாதுன்னு நீதானேம்மா..."

"அது ஆம்பளைங்க நேரா இருந்தப்ப வச்சதுபா. அவ பொய் சொல்லல இல்ல? அவ அறுத்தா நானும் அறுப்பேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "கண்ணு, காம்பாண்ட வச்சு, மெதுவா ஒரே கோடு போடு. கையப் பாத்துக்க. குமாரு, நீ போனப் புடிச்சுக்க. எனக்குத் தெரியணும்" என்றாள்.

கத்தியை இனியாவிடம் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள். இடது கை விரல்களை மடக்கிக் காயைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு நுனியைக் கடித்தபடி காம்புக்குப் பக்கத்தில் கத்தியை வைத்து இழுத்தாள். பச்சைத் தோலில் ஒரு கோடு விழுந்தது. அதன் ஓரத்தில் பால் சொட்டுச் சொட்டாகக் கட்டியது.

"ஆச்சு ஆயா" என்றாள். "அப்பா, கை இழுக்குது."

ஸ்டிக்கர் பசைக்காக வாங்கி வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் விரலில் தடவிக்கொண்டு துடைத்தாள். ஏகாம்பரம் என்ற பெயரில் இனி எங்கள் வீட்டுக் காயைக் கீறப்போவது இந்தக் கைதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தப் பக்கம் அம்மா போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்தாள். விசிறி தெரியவில்லை. வரிசையிலிருந்து பெரிய காயாகப் பார்த்து உருட்டிக் கொண்டுவந்தாள். அப்பாவின் கொடுவாக் கத்தி. முழங்காலை ஒரு பக்கம் நீட்டி உட்கார்ந்து, கத்தியைக் காம்பருகே வைத்தாள். பிறகு அழுத்தினாள். காய் திறந்துகொண்டது. உள்ளே மஞ்சள் சதையும் விதையும் தெரிய, அதை எங்களுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். இனியா மடக்கிய விரலால் அதைக் காட்டிச் சிரித்தாள்.

"குமாரு" என்றாள் அம்மா. "போன ஆட்டாத. எனக்குக் கொழந்தையே தெரியல."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.